குடியை விட நினைக்கும் தம்பிக்குப் பெங்களூருவில் துணைக்குழு

கேள்வி:
அல்சூரில் எங்களுடன் வசிக்கும் என் தம்பி, குடியை விட வேண்டும் என்று இப்போதுதான் தானாகவே சொல்கிறான். அவனுக்குக் கன்னடம் சரளமாக வராது என்பதால், தமிழில் மனம்விட்டுப் பேசக்கூடிய கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
அக்கா, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கைநடுக்கத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பதில்:
குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் கூட்டங்கள் இங்கும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. தமிழில் பேசும் குழு எது என்று அவர்களிடமே கேளுங்கள். முதல் கூட்டத்தில் என் கணவர் வாசலோர நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், யாரும் வற்புறுத்தவில்லை.

பதில்:
குடும்பத்தாருக்கென அல்-அனான் கூட்டங்கள் உண்டு. நீங்களும் அவசியம் செல்லுங்கள். 14446 என்ற கட்டணமில்லா அரசு எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.