கஷ்டப் பிரதேச நியமனம்: முதல் வருசம் உங்களுக்கு எப்பிடிப் போச்சு?

புது நியமனம்:

கல்வியியற் கல்லூரி முடிச்சு நியமனக் கடிதம் கையிலை வந்திட்டுது. ஆரம்பப் பிரிவு. வன்னியிலை துணுக்காய்க் கல்வி வலயம், மல்லாவிக்கும் அங்காலை காட்டோரமா ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாண ரவுணுக்குள்ளை. அம்மா அழுறா, அப்பா பஸ் நேரம் விசாரிச்சுக்கொண்டு திரியிறார். அந்த ஊரிலை தங்கிறதோ, போய் வாறதோ எண்டதுதான் இப்ப வீட்டிலை சண்டை. இப்பிடியான இடங்களிலை படிப்பிச்ச ஆக்கள் உங்கட கதையைச் சொல்லுங்கோ. புத்திமதி வேண்டாம், நடந்ததைச் சொன்னால் காணும்.

குளக்கட்டு:

தங்கச்சி, என்னுடைய முதல் நியமனமும் அந்தப் பக்கம்தான். யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் நடந்து கொஞ்சக் காலம். பள்ளிக்கூடம் என்றால் அரைச் சுவரும் தகரக் கூரையும். வெயில் ஏறினால் உள்ளே இருக்க ஏலாது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மர நிழலுக்குப் போய்விடுவோம். வீதியோரம் மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள் அப்போதும் நின்றன. மிதிவெடி எடுத்து முடிந்த பக்கம் எது, முடியாத பக்கம் எது என்று எனக்குக் காட்டித் தந்தது இரண்டாம் தரப் பிள்ளை ஒன்று. அதிபர் வந்து சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அந்தப் பிள்ளைதான் முதல் வழிகாட்டி.

மூன்றாம் தரத்துக்கும் நாலாம் தரத்துக்கும் ஒரே அறை, ஒரே ரீச்சர். பல்தரக் கற்பித்தல் என்று கல்லூரியில் படிப்பித்திருப்பார்கள். அங்கே அட்டவணை எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். எனக்கு நடந்தது வேறு. நாலாம் தரத்துக்கு நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க, மூன்றாம் தரம் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு அதைக் கேட்டுப் பாடமாக்கிவிடும். அடுத்த வருடம் எனக்கு அரைவாசி வேலை மிச்சம். ஆலோசகர் வந்து பார்த்தால் இதை வகுப்புக் கட்டுப்பாடு இல்லை என்றுதான் எழுதுவார், எழுதட்டும்.

அங்கே ஒரு மூத்த ரீச்சர் இருந்தா. கடைசிவரை சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து, அதே சனத்தோடு திரும்பி வந்தவ. 'எனது குடும்பம்' பாடம் தொடங்க முதல்நாள் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, படம் கீறச் சொல்லு. கீறினதைப் பார்த்து நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்லு. ஆரார் எண்டு கேளாதை" என்றா. நான் அப்படியே செய்தேன். ஒரு பொடியன் ஏழெட்டுப் பேரைக் கீறிவிட்டு மூன்று பேருக்கு மட்டும் நிறம் தீட்டினான். நல்லாயிருக்கு என்றேன். வேறு என்ன சொல்வது?

இனி நீங்கள் கேட்ட விசயம். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். பஸ்ஸில் போகிற ரீச்சர்மார் போய்விடுவார்கள். ஊரில் தங்கிறவளுக்கு அதுக்குப் பிறகுதான் ஊர் தொடங்கும். முதல் மாதம் அந்தப் பின்னேரங்கள் என்னைக் கொன்றன. நாலு மணிக்கு என்ன செய்வது, ஐந்து மணிக்கு என்ன செய்வது என்று தெரியாது. போனுக்குச் சிக்னல் எடுக்கக் குளக்கட்டில் ஏற வேண்டும். வீட்டோடு கதைக்க ஏறப்போய்த்தான் ஊரோடு பழகினேன் என்று சொல்லலாம். அந்த நேரம் மாடு சாய்த்துக்கொண்டு வருகிறவர்கள், வலை போடுகிறவர்கள், தோய வருகிற பெண்கள் எல்லாரும் குளக்கட்டில்தான். "ரீச்சர், அம்மாவோடை கதைச்சாச்சோ?" என்று கேட்காமல் ஒருவரும் போகமாட்டார்கள்.

நான் இருந்த வீட்டு ஆச்சிக்குச் சட்டங்கள் உண்டு. இருட்ட முதல் கிணற்றடி வேலை முடிய வேண்டும். ரோச் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. நிலத்தில் பாய் போட்டுப் படுக்கவே கூடாது. புழுக்கத்துக்கு நிலம் சுகமாக இருக்கும், ஆனால் எட்டடி விரியன் இரவில் வீட்டுக்குள் ஊர்ந்து வரும், நித்திரையில் கடித்தால் கடித்தது கூடத் தெரியாது. எனக்குக் கட்டிலைத் தந்துவிட்டு ஆச்சி வாங்கில் படுத்தா. வாடகை என்று காசை நீட்டினால் முகம் கறுத்துவிடும். அதனால் சங்கக்கடையில் சீனி, தேயிலை, மா என்று வாங்கிக் கொண்டுவந்து குசினியில் வைத்துவிடுவேன். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைப்பதில்லை.

காலபோக நெல் முற்றுகிற தை, மாசியில் யானை இறங்கும். இரவிரவாக வெடிச் சத்தமும் தகரம் தட்டுகிற சத்தமும் கேட்கும். என் வகுப்பில் ஒருவன் அந்த நாட்களில் முதல் பாடமே மேசையில் தலை வைத்துவிடுவான். தகப்பனோடு காவல் கொட்டிலில் விடிய விடிய முழித்திருந்தவன். ஊரில் தங்கினதால் அது எனக்குத் தெரியும், அவனை எழுப்புவதில்லை. அவன் விட்ட பாடத்தைப் பின்னேரம் ஆச்சி வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவனுக்குத் தொடங்கியது, பிறகு திண்ணை போதாமல் போனது.

பாலைப்பழக் காலத்தில் வரவு குறையும், அதுக்கும் பயப்படாதீர்கள். சனி ஞாயிறு உங்களையும் காட்டுக்குக் கூப்பிடுவார்கள். பழத்தின் பால் உதட்டில் ஒட்டினால் தண்ணீரில் போகாது. தேங்காய் எண்ணெய் பூசித் துடையுங்கள். இதையும் ஒரு பிள்ளைதான் சொல்லித் தந்தது. என் உதட்டைப் பார்த்து முழு வகுப்பும் சிரித்து முடிந்த பிறகு.

விடியப்பஸ்:

எல்லாரும் தங்கச் சொல்லுவினம், அது நல்ல கதை மாதிரி இருக்கும். எனக்குச் சின்னப் பிள்ளையள் ரெண்டு, படுக்கையிலை மாமி. யாழ்ப்பாணத்திலை இருந்து மாங்குளத்துக்கே 90 கிலோமீற்றருக்கு மேலை, அதுக்குப் பிறகு உள்ளுக்குப் போகவேணும். இருட்டோடை எழும்பி, சமைச்சு வைச்சிட்டு, ஏ-9 வீதியிலை பஸ்ஸுக்குள்ளை இருந்து கொப்பி திருத்தித்தான் என்ரை சேவைக்காலம் போனது. ஆனையிறவு தாண்டேக்கை விடியும், அந்த வெளிச்சத்திலைதான் திருத்தல் தொடங்கும். அதுக்கு முதல் நித்திரை.

2022 இலை எரிபொருள் இல்லாமல் போன நேரம், போய் வாற ஆக்களை ஊர்ச்சனம் எப்பிடிப் பார்த்தது எண்டு எனக்குத் தெரியும். பஸ் இல்லை, வான் இல்லை, பள்ளிக்கூடம் அரைவாசி நாள் பூட்டு. குளக்கட்டு அக்கா சொல்லுற திண்ணை என்னட்டை இல்லை. எண்டாலும் ஏழரை மணிக்கு நான் வகுப்பிலை நிண்டனான். தங்கினவை எல்லாரும் நல்லாப் படிப்பிச்சவையும் இல்லை, போய் வந்தவை எல்லாரும் ஏமாத்தினவையும் இல்லை. தங்கச்சி தனி ஆள், பொறுப்பு இல்லை. அதாலை தங்கலாம். அதுக்கு மேலை இதைத் தர்மம் ஆக்காதேங்கோ.

நெடுந்தீவுச் சேர்:

எங்களுக்கு அந்தச் சண்டையே வாறதில்லை, கடல்தான் முடிவெடுக்கும். குறிகட்டுவானிலை படகு ஏறினா, கடல் நல்லா இருந்தா ஒரு மணித்தியாலத்திலை நெடுந்தீவு மாவிலித்துறை. சோளகக் காத்து எழும்பினா அந்த ஒரு மணித்தியாலம் ஆளைத் துவைச்சு எடுத்திடும். படகு ஓடாத நாளிலை மரக்கறியும் வராது, பேப்பரும் வராது, ரீச்சர்மாரும் வராயினம். உள்ளுக்கை தங்கி நிக்கிற நாங்கள் ரெண்டு மூண்டு பேர் எல்லா வகுப்பையும் பார்க்கவேணும். நான் கணிதம். அப்பிடியான நாளிலை சமயமும் சித்திரமும் படிப்பிச்சிருக்கிறன். என்ரை சித்திரப் பாடத்தை மறக்கேலாது எண்டு பிள்ளையள் இப்பவும் சொல்லுங்கள், நல்லதுக்குச் சொல்லேல்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்திலை வெளியூர் ரீச்சர்மார் மணிக்கூட்டைப் பாக்கிறது பிள்ளையளுக்குத் தெரியும். எட்டாந்தரப் பெடியன் ஒருத்தன் யன்னலாலை மரத்தைப் பாத்திட்டு, "சேர், காத்து மாறுது, இண்டைக்குப் போனாப் போங்கோ, இல்லாட்டித் திங்கள் மட்டும் இஞ்சைதான்" எண்டுவான். அவன்ரை கணக்கு கொப்பியிலை பிழைக்கும். காத்துக் கணக்குப் பிழைச்சு நான் காணேல்லை.

முதல் வருசம் என்னைக் கஷ்டப்படுத்தினது தண்ணி. நான் இருந்த பக்கம் கிணறு உவர். குளிச்சா சவுக்காரம் நுரைக்காது, தேத்தண்ணி வேறை ருசி. சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளிலை நல்ல தண்ணி இருக்கு. சைக்கிளிலை கான் கட்டிக்கொண்டு போறது பின்னேர வேலை. ஆவணி வறட்சியிலை தண்ணி தேடிக் குதிரையளும் வரும். ஒல்லாந்தர் காலத்திலை இருந்து நிக்கிற குதிரையள் எண்டு சுற்றுலாவுக்கு வாற ஆக்கள் படம் எடுப்பினம். கோடையிலை எலும்பு தள்ளின குதிரைக்கு வாளியிலை தண்ணி வைக்கிறது ஊர்ச்சனம்தான்.

முருகைக்கல்லை அடுக்கின வேலியளைப் பற்றி ஒரு வார்த்தை. சீமெந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, கல்லுக்குக் கல்லு பிடிச்சு நிக்கும். மழையிலை ஒரு இடம் சரிஞ்ச நேரம் மாணவன் ஒருத்தன்ரை அப்பு என்னையும் கூட்டிக்கொண்டு போய் அடுக்க விட்டார். நான் வைச்ச கல்லை எல்லாம் பேசாமல் எடுத்துத் திருப்பி வைச்சார். பின்னேரம் முடிய, "சேர் நாளைக்கும் வாங்கோ" எண்டார். ஊருக்குள்ளை என்னை எடுத்தது அண்டைக்குத்தான் எண்டு நினைக்கிறன்.

இன்னொண்டு. மே 15 வந்தா ஊர் வேறை மாதிரி இருக்கும். 1985 இலை அந்த நாளிலைதான் குமுதினிப் படகிலை போன சனத்தை நடுக்கடலிலை வெட்டிக் கொன்றது. அதே படகு திருத்தி, பிறகும் கனகாலம் ஓடினது. நானும் அதிலை ஏறி இறங்கினனான். புதுசா வாற ஆசிரியர் அந்தத் திகதியைத் தெரிஞ்சு கொண்டு வரவேணும். அண்டைக்குப் பரீட்சை வைக்கிறன் எண்டு நிக்கப்படாது.

முழங்காவில்காரி:

சின்னதாக ஒன்று. இரணைதீவுச் சனம் 1992 இல் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் இரணைமாதா நகரில் இருந்தது. 2018 சித்திரையில் தாங்களே வள்ளங்களில் போய்த் தீவில் இறங்கினார்கள். அதன் பிறகு வகுப்பில் ஒரு புதுச் சிக்கல். தாய் தகப்பன் தொழிலுக்குத் தீவில், பிள்ளை படிப்புக்கு இங்கே அம்மம்மாவோடு. பெற்றோர் கூட்டத்துக்கு நாங்கள் திகதி வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். கோவிலில் பாதர் பூசை முடியச் சொன்னால் வருவார்கள், ஏனென்றால் ஞாயிறு எல்லாரும் கரையில். ஆகவே எங்கள் கூட்டம் பூசைக்குப் பிறகு, கோவில் வளவில். மேலிடத்துக்குப் போகிற அறிக்கையில் இடம் என்ற நிரலில் பாடசாலை என்றே இருக்கும்.

பழைய மாணவி:

நான் ரீச்சர் இல்லை. வவுனியா வடக்கில், நெடுங்கேணிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் படித்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கக் கதையையும் ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

புது ரீச்சர் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அவவின் பையை. சின்னப் பை என்றால் போய் வாற ஆள். பெரிய பை என்றால் தவணை முடியும் மட்டும் நிற்பா. பொடியன்கள் பந்தயமே கட்டுவார்கள், தோற்றவன் நாவற்பழம் கொண்டுவர வேண்டும். நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருப்பதைப் பார்த்து, பழக்கவழக்கம் தெரியாத பிள்ளைகள் என்று ஒருவர் ஆசிரியர் அறையில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரு வருடத்தில் மூன்று ஆங்கில ரீச்சர். மூவருக்கும் அழுது வழியனுப்பி வைத்தோம். நாலாவது ஆளுக்கு அழுவதில்லை என்று முதல் நாளே முடிவு.

அந்த நாலாவது ஆள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது பாடத்துக்கு இல்லை. அவவின் அறைக்குள் பாம்பு வந்துவிட்டது, கத்திக்கொண்டு எங்கள் படலைக்குள் ஓடி வந்தா. அப்பா போய்ப் பார்த்தால் அது சாரை. பிளேன்ரீ குடிக்க வைத்து, சாரைக்கும் புடையனுக்கும் வித்தியாசம் சொல்லி அனுப்பினோம். அடுத்த நாள் வகுப்பில் பாம்பு பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வசனம் எழுதச் சொன்னா. முதல் தடவையாக எங்களுக்கு அவவை விடக் கூடத் தெரிந்த ஒரு விசயத்தில் பாடம் நடந்தது. சொல்லுக்காகச் சண்டை பிடித்து எழுதினோம். அவவும் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போனா. அழுவதில்லை என்ற முடிவு அன்றைக்கு நிற்கவில்லை.

புது நியமனம்:

எல்லாருக்கும் நன்றி. வாசிச்சுக் காட்டினன், அம்மா அழுகையை நிப்பாட்டிட்டுப் பாம்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கிட்டா. முதல் தவணை தங்கிப் பாக்கிறது எண்டு முடிவு. விடியப்பஸ் அக்கா, உங்கட பஸ் கதையையும் எழுதி வைச்சிருக்கிறன். ஒரு கேள்வி: ஸ்கூட்டி கொண்டு போறதோ, சைக்கிளோ?

குளக்கட்டு:

சைக்கிள். மாரிக்கு அந்த வீதியில் ஸ்கூட்டி சேற்றில் புதையும், சைக்கிள் என்றால் தூக்கிக்கொண்டு வரலாம். சில்லு ஒட்டப் பழகிக்கொண்டு போங்கள், கடை தூரம். நுளம்பு வலை, ரோச், மேலதிக பற்றரி, இரண்டு சோடி செருப்பு. தங்க இடத்தை அதிபரிடம் மட்டும் கேட்காதீர்கள், கிராம சேவையாளரிடமும் மாதர் சங்கத்திலும் கேளுங்கள். கிணறும் மலசலகூடமும் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற வளவாகப் பாருங்கள். பெரிய பையோடு போங்கள்.