புதுப்பிப்பு: தோட்டக்கார அத்தைக்குக் கிறிஸ்துமஸ் பரிசு தயார்

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, மாடித்தோட்டம் போடும் அத்தைக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நிறைய பேர் விதைப் பொட்டலம் சொன்னீர்கள், சிலர் கைக்குத் தடவும் களிம்பு. இரண்டும் செய்துவிட்டேன்.

களிம்புதான் முதலில் சொதப்பியது. 80 கிராம் தேங்காய் எண்ணெயில் 15 கிராம் தேன்மெழுகைப் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினேன். நம்ம ஊர் வெயிலில் மத்தியானமே இளகிவிட்டது. மறுபடி உருக்கி இன்னும் 10 கிராம் மெழுகு சேர்த்தேன். இப்போது விரலால் அழுத்தினால் மெல்லக் குழிகிறது, வழிவதில்லை. மண் கிளறிக் காய்ந்துபோன அத்தையின் கைக்கு இது கண்டிப்பாக இதமாக இருக்கும்.

விதைக்கு வெண்டைதான். செடியிலேயே முற்றிக் காய்ந்த காய்களை உடைத்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிக் காகிதத்தில் மடித்தேன். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கொடுப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். எனக்கு நாலு நாளில் எட்டு முளைத்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ‘தைப்பட்டம்’, அதாவது தை மாத விதைப்புப் பருவம், என்று எழுதியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்து தை பிறந்ததும் விதைக்கச் சரியாக இருக்கும்.

அப்புறம், செடிக்கு உரமாகப் போட வேப்பம்புண்ணாக்கு (வேப்பங்கொட்டையில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை) யோசனை சொன்னவருக்கு நன்றி. அரைக்கிலோ வாங்கித் துணிப்பையில் கட்டிக் கூடவே வைத்துவிட்டேன்.