தனியார் பள்ளிக் கட்டணம்: மனு கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுத உட்கார்ந்தோம். அது கடைசியில் அரசியல் சண்டையாகிவிட்டது.

விஷயம் இதுதான். பிள்ளைகள் படிக்கும் மெட்ரிக் பள்ளியில் (பெயர் வேண்டாம்) நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குகிறார்கள், கூடுதல் தொகைக்கு ரசீதும் கிடையாது. தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். சிறைத் தண்டனைக்கே சட்டத்தில் இடமிருக்கிறது.

"பிடிக்கலைன்னா அரசுப் பள்ளியில சேருங்க, பள்ளி நடத்துறவரை அரசு ஏன் நெருக்கணும்?" என்றார் ஒருவர். இன்னொருவர் தனியாரே வேண்டாம் என்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடாவது உண்டே என்கிறார். அப்புறம் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்கள். அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கிறது. அந்தப் பணத்தைத் தனியாருக்குக் கொடுக்காமல் அரசுப் பள்ளிக்கே செலவழித்தால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் எங்கள் மனுவுக்கு அது எதற்கு?

ரசீது இல்லாமல் எதை ஆதாரமாக வைத்தீர்கள்? கட்டணக் குழுவுக்கே நேராக அனுப்பினீர்களா, மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகவா? முக்கியமாக, மனு கொடுத்த பிறகு பிள்ளையை வகுப்பில் ஏதாவது சொன்னார்களா? பலர் கையெழுத்துப் போடத் தயங்குவது இதனால்தான். மாதிரி மனு இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.