முதல் பைக்: இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்

லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம் ஆகிறது, எந்த வண்டி எடுப்பது என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. உயரம் 160 செ.மீ., தினமும் 30 கி.மீ. நெரிசலில், எப்போதாவது நெடுஞ்சாலை. யமஹா எம்டி-03 (321 சிசி, இருக்கை உயரம் 780 மி.மீ.) ஓட்டிப் பார்த்தேன், ஓடும்போது அவ்வளவு பிடித்தது, ஆனால் சிக்னலில் முன்பாதம் மட்டும்தான் தரையில் படுகிறது, மெதுவாக யூ டர்ன் எடுக்கும்போது ஒரு தடவை சாயப் பார்த்தது. தடிமனான ஷூ போட்டுப் பார்த்தேன். அப்புறம் காலி மைதானத்தில், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி எட்டு போட்டுப் பழகினேன், கொஞ்சம் தேவலை. ஹோண்டா ரெபெல் 300-ல் (690 மி.மீ.) இரண்டு காலும் நன்றாக ஊன்றுகிறது, ஆனால் 286 சிசி ஒற்றை சிலிண்டரை நெடுஞ்சாலையில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

என் உயரத்தில் எம்டி-03 மாதிரி வண்டியில் ஆரம்பித்தவர்கள் சொல்லுங்கள், முன்பாதத்தில் நிற்பது போகப்போகப் பழகிவிடுமா, இல்லை ரெபெல்லையே எடுக்கட்டுமா?