அதிகாலையில் மட்டும் மங்கிப்போகும் ஆந்தைப் பதிவுகள்: உதவி தேவை

கனடாவின் வடக்கு அல்பெர்ட்டாவில், கருப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் நிறைந்த சதுப்புக்காட்டில் ஆந்தைக் கணக்கெடுப்புக்காக 12 ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டியிருக்கிறோம். அதில் 4 கருவிகள் மட்டும் படுத்துகின்றன. பின்னிரவு 2 மணி தாண்டினால் பதிவு மொத்தமும் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிடுகிறது. காலை 10 மணிக்கு மேல் தானாகவே தெளிந்துவிடுகிறது! ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெறும் இருட்டு. போரியல் ஆந்தையின் குரல் அதற்குக் கீழேதான், ஆனாலும் தூரத்து ஆந்தை காதில் விழவே மாட்டேன் என்கிறது.

கருவி ஆடியோமாத் பதிப்பு 1.2, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி, மாதிரி எடுக்கும் வேகம் (sample rate) 32 கிலோஹெர்ட்ஸ், மணிக்கு 10 நிமிடப் பதிவு. மார்ச் 3-ஆம் வாரத்தில் தொடங்கியது. இரவில் மைனஸ் 20 வரை போகிறது.

முதலில் பேட்டரி மேல்தான் சந்தேகம். ஆல்கலைனை எடுத்துவிட்டு லித்தியம் போட்டேன், பலனில்லை. மெமரி கார்டு மாற்றினேன், சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்தேன். அப்புறம் ஒரு கருவியை அறைக்குள் கொண்டுவந்து கைதட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. போன முறை விடியற்காலையில் போனபோது, மைக் துளையை மூடியிருக்கும் சவ்வின் மேல் மெல்லிய உறைபனி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டப் பயந்து விட்டுவிட்டேன். நான்குமே ஓடையை ஒட்டிய மரங்களில் இருப்பவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்னோமொபைலில் அடுத்த பயணம் இரண்டு வாரம் கழித்துத்தான். ஒலியைக் கெடுக்காமல் அந்தச் சவ்வில் உறைபனி படியாதபடி தடுக்க, கடுங்குளிரில் நீங்கள் செய்து பலித்த வழி ஏதும் உண்டா?