மாலை போட்டா குடிக்க மாட்டான், கழட்டுனா மறுபடியும் ஆரம்பிச்சிடுறான், என்ன பண்றது?

குடமுருட்டிக்கரை:
தம்பிக்கு 26 வயசு, பாபநாசம் பக்கம், அறுப்பு மெஷின் ஓட்டுறான். கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டான்னா மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டான், விடிகாலைல பச்சத்தண்ணில குளிச்சிட்டு சரணம் சொல்றத கேட்டா அம்மாவுக்கு கண்ணு கலங்கிடும். மாலை கழட்டுன அன்னிக்கு ராத்திரியே டாஸ்மாக். இப்ப வலி மாத்திரையும் போடுறானோன்னு சந்தேகம், சட்டைப் பையில அட்டை கெடந்துச்சு. அப்பா கோயில்ல கயிறு கட்டி சத்தியம் வாங்கிடுவோம்ங்கிறாரு. சாமிக்கு இவ்ளோ பயப்படுற புள்ள ஏன் இப்படி இருக்கான்? பக்தி மட்டும் போதுமா?

மாயவரத்தான்:
அக்கா, அவன் பக்தி பொய்யில்ல. மாலை போட்டிருக்கறப்ப ஊரே சாமின்னு கூப்புடுது, குடிக்கிற செட்டு தானா ஒதுங்கிக்குது, கடைக்குப் போற நேரத்துக்கு பஜனை இருக்கு. கழட்டுனதும் இதெல்லாம் ஒரே நாள்ல போயிடுது, அந்த சாயங்காலம் அவன் எங்க போவான்? எங்க குருசாமி வருஷம் பூரா சனிக்கிழமை பஜனை வச்சு அன்னதான வேலைய பசங்ககிட்டயே விட்டுட்டாரு, சில பேர் அப்படியே நின்னுட்டாங்க. எல்லாரும் இல்ல.

வார்டு நர்ஸ்:
தினமும் குடிக்கிறவன்னா சத்தியம் வாங்கி ஒரே நாள்ல நிறுத்த வைக்காதீங்க, தயவுசெஞ்சு. நிறுத்துன முதல் ரெண்டு நாளைக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், அப்புறம் கை நடுக்கம் கூடி உடம்புல பூச்சி ஊருது, சுவத்துல ஆள் நிக்குதுன்னு பொலம்புவாங்க, வீட்ல சாமி குத்தம்னு நெனச்சு மந்திரிக்க கூட்டிட்டுப் போயிட்டு எல்லாம் முத்துன பிறகு எங்ககிட்ட வருவாங்க. உயிரே போயிடும். மாலை போட்டப்ப ஒண்ணும் ஆகலியேன்னு இருந்துடாதீங்க, நிறுத்தி நிறுத்தி ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் மோசமாகலாம். குடிய நிறுத்துறதுக்குன்னு சோத்துல தெரியாம கலந்து குடுக்குற மாத்திரையும் வேணாம், அது மேல குடிச்சா ஆபத்து. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு, இல்ல போதை மீட்பு உதவி நம்பர் 14446க்கு போன் பண்ணுங்க, காசு கெடையாது. டாக்டர் பாத்த பிறகு கயிறு தாராளமா கட்டுங்க.

நாகூர் பையன்:
எங்க பக்கமும் இதே நெலமதான், ரமலான் மாசம் பூரா சுத்தமா இருப்பான், பெருநாள் முடிஞ்சதும் பழைய கூட்டாளிங்க. சரக்குதான் ஹராம், மாத்திரைல என்னன்னு மனச தேத்திக்கிறவனும் இருக்கான். வெளிய தெரிஞ்சா ஜமாஅத்துல மூஞ்சி காட்ட முடியாதுன்னு பயந்து மறைக்கிறான், அதனாலயே வைத்தியத்துக்கு போக மாட்டேங்குறான், அதான் எனக்கு ரொம்ப வேதனை.

வெட்டாறு:
எங்க ஊர் முனீஸ்வரனுக்கு சாராயமும் சுருட்டும் படைக்கிறோம், படையல் முடிஞ்சா பாட்டில் எளவட்டம் கைக்குதான் போவுது. அதையும் பெரியவங்க கொஞ்சம் யோசிக்கணும்.

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அப்பாகிட்ட பேசிட்டேன், கயிறு அப்புறம்னு ஒத்துக்கிட்டாரு. தம்பிதான் ஆஸ்பத்திரின்னாலே எந்திரிச்சுப் போயிடுறான், அவங்க குருசாமி சொன்னா மட்டும் கேப்பான். அவரையும் கூட்டிட்டு வரலாமா நர்ஸம்மா?

வார்டு நர்ஸ்:
கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. காலைலயே ஓபிக்கு வந்துடுங்க, அந்த மாத்திரை அட்டையையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, என்ன மாத்திரைன்னு தெரியணும். அதுவரைக்கும் அவன திட்டாதீங்க.