மகனின் டென்னிஸ் அணியில் இருவர் கைது. மற்ற பையன்கள் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பேஸ்லைன் அப்பா

வணக்கம். என் மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஆண்கள் டென்னிஸ் அணி, டிவிஷன் ஒன்று (கல்லூரி விளையாட்டின் மேல் நிலை), பாதி ஸ்காலர்ஷிப். சிங்கிள்ஸில் ஐந்தாம் இடத்தில் ஆடுபவன்.

போன மாதம் கேம்பஸுக்கு வெளியே ஒரு வீட்டில் நடந்த பார்ட்டியில் அடிதடி ஆகிவிட்டது. வேறொரு மாணவனுக்குத் தாடை எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். எங்கள் அணியின் இரண்டாம் இட வீரனையும் நான்காம் இட வீரனையும் போலீஸ் கைது செய்தது. இருவரும் ஜாமீனில் வந்துவிட்டார்கள், ஆனால் வழக்கு கடுமையான தாக்குதல் பிரிவில். கோச் காலவரையின்றி சஸ்பெண்ட் செய்துவிட்டார். என் மகனும் அந்தப் பார்ட்டிக்குப் போயிருக்கிறான். சண்டைக்கு முன்பே கிளம்பிவிட்டதாகச் சொல்கிறான். நான் நம்புகிறேன்.

அணியில் மொத்தமே எட்டுப் பேர். ஆறாம் இடத்துப் பையனுக்குத் தோளில் காயம். ஆக, மிச்சம் ஐந்து பேர். கல்லூரி டென்னிஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆறு சிங்கிள்ஸுக்கு ஆறு புள்ளி, மூன்று டபுள்ஸும் சேர்ந்து ஒரு புள்ளி, நான்கு எடுத்தவர் ஜெயித்தார். ஐந்து பேரோடு இறங்கினால் ஆறாவது சிங்கிள்ஸும் மூன்றாவது டபுள்ஸும் ஆடாமலே எதிரணிக்குப் போய்விடும். இருப்பவர்கள் வரிசையில் மேலே ஏறி ஆட வேண்டும். ஐந்தில் இருந்தவன் இப்போது மூன்றில் ஆடுகிறான், ஒவ்வொரு மேட்சிலும் தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரனோடு. தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அதைக்கூட நான் பெரிதாக எண்ணவில்லை.

என் கவலை வேறு. ஒரு டிடெக்டிவ் மகனுக்கு போன் செய்து, பேச வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். கோச்சோ "யாரிடமும் வாய் திறக்காதீர்கள், எதுவானாலும் என்னிடம் வாருங்கள்" என்று எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருக்கிறார். அணியின் சாட் குழுவை அழித்துவிடலாம் என்று ஒருவன் சொல்கிறான். பல்கலைக்கழகத்துக்கு நான் போன் செய்தால் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மறுக்கிறார்கள். கைதான இருவரில் ஒருவன் என் மகனின் அறைத்தோழன், வெளிநாட்டிலிருந்து வந்த பையன். அவன் அம்மா என்னை அழைத்து அழுகிறார், நான் என்ன சொல்வது? மகன் வேறு கல்லூரிக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மாலதி (முன்னாள் விளையாட்டுத் துறை ஊழியர்)

சார், நான் ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறையின் விதிமுறைப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள். நான் வக்கீல் இல்லை. நான் சொல்லும் முதல் விஷயமே இன்றைக்கே ஒரு வக்கீலைப் பிடியுங்கள் என்பதுதான். பல்கலைக்கழகத்தின் வக்கீல் வேண்டாம், கோச் கைகாட்டுபவரும் வேண்டாம். உங்கள் மகனுக்கு மட்டும் பதில் சொல்லக்கூடிய ஒருவர், அந்த மாநிலத்தில் கிரிமினல் வழக்கு நடத்துபவர். டிடெக்டிவ் கூப்பிட்டால் பையன் தனியாகப் போகக்கூடாது. ஒளியவும் வேண்டாம். "என் வக்கீல் உங்களை அழைப்பார்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

சாட் குழுவை அழிக்கும் பேச்சை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். விசாரணை நடப்பது தெரிந்த பிறகு மெசேஜை அழிப்பது சாட்சியத்தை அழித்த குற்றமாகிவிடலாம். பார்ட்டிக்குப் போய்விட்டுச் சீக்கிரம் திரும்பிய பையன் சாட்சியாகத்தான் இருக்கிறான். போனை அழித்தால் அவனே குற்றம்சாட்டப்பட்டவனாக ஆகக்கூடும். தவிர, அவன் எத்தனை மணிக்குக் கிளம்பினான் என்பதற்கு ஆதாரமும் அந்தப் போனில்தான் இருக்கும்.

அடுத்தது கோச் சொன்னது. எனக்கு மனதை உறுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். "ஊடகத்திடம் பேசாதே, இன்ஸ்டாகிராமில் எழுதாதே" என்றால் அது நியாயமான அறிவுரை. "எதுவானாலும் என்னிடம் வா" என்பது அப்படியில்லை. டெக்சாஸில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள்மேல் பாலியல் வன்முறைப் புகார்கள் வந்தபோது அந்த அணியின் ஆட்கள் தாங்களே விசாரிக்கக் கிளம்பினார்கள், புகார்கள் முறையான வழியில் போகவில்லை. வெளியிலிருந்து வந்த சட்ட நிறுவனம் இதைக் கண்டறிந்து சொன்னதும், 2016 மே மாதம் தலைமைக் கோச்சின் வேலை போனது, பல்கலைக்கழகத் தலைவரும் பதவியிழந்தார். அங்கே சேருவதாகக் கையெழுத்திட்டிருந்த புதுப் பையன்கள் பலர் விடுவிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கோச் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குக் காப்பாற்ற வேண்டிய வேலையும் அணியும் இருக்கின்றன. உங்கள் பையனுக்கு எது நல்லதோ அதுவே அவருக்கும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கோச்சிடம் போய் அன்றிரவு நடந்ததை விவரிக்க வேண்டாம். வக்கீல், பிறகு டீன் அலுவலகம், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஏன் தகவல் தரவில்லை என்கிறீர்கள். மாணவர் ஆவணங்களின் ரகசியத்துக்காக 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஆவணங்கள்மேல் உரிமை மாணவனுடையது. உங்கள் மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவனைப் பற்றி உங்களிடம் பேசுவார்கள். மற்ற இருவரைப் பற்றி ஒருநாளும் பேச மாட்டார்கள்.

இன்னொன்று, பல பெற்றோர் குழம்பும் இடம். கோர்ட் வழக்கு தனி, பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விசாரணை தனி, அணியின் சஸ்பென்ஷன் தனி. கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஒழுங்கு விசாரணைக்கு அவ்வளவு தேவையில்லை, பல இடங்களில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும். கோச் ஒரு வீரனை ஆடவிடாமல் வைக்க இந்த இரண்டுக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால் நடத்தையைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பை நடுவில் பறிப்பது அவர் கையில் இல்லை. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, எல்லா மாணவர்களையும் விசாரிக்கும் அதே ஒழுங்கு அமைப்பு கடும் தவறு என்று முடிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பறித்தாலும் மேல்முறையீடு உண்டு. ஒன்றும் செய்யாத உங்கள் மகனின் ஸ்காலர்ஷிப்பை இதைச் சொல்லி யாரும் தொட முடியாது. அந்தப் பயம் வேண்டாம்.

அறைத்தோழன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் அவனுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கைதை வைத்தே விசாவை ரத்து செய்யும் அதிகாரம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு உண்டு, தீர்ப்பு வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கை முடிக்க ஏதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது குடியேற்றச் சட்டத்தில் என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். அவன் அம்மாவிடம் நீங்கள் சொல்லக்கூடிய உருப்படியான ஒரே விஷயம்: கிரிமினல் வக்கீலோடு ஒரு குடியேற்ற வக்கீலும் வேண்டும், எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே வேண்டும்.

பதில்: நான்காவது லேன்

மாலதி அக்கா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் அணிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் நீச்சல் அணியில் இருந்தபோது எங்கள் ரிலே அணிப் பையன் ஒருவன் போதையில் கார் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தி வழக்கில் மாட்டினான்.

பயிற்சி அதே நேரத்தில் தொடங்கும், கோச் அதே செட்டைத் தருவார், ஆனால் உடைமாற்றும் அறையில் யாரும் பேச மாட்டோம். அவன் லாக்கரில் பெயர் இருந்தது, அதைக் கழற்றவும் யாருக்கும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை. வகுப்பில் யாரோ "நீயும் அந்த டீம்தானே" என்பார்கள். அணி இரண்டாகப் பிளந்தது: அவனைப் பார்க்கப் போனவர்கள், போகாதவர்கள். நான் போனேன். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வீட்டுப்பாடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், சேர்ந்து சாப்பிட்டேன். இது தவறு என்று சிலர் சொன்னார்கள். இன்றைக்கும் நான் அப்படி நினைக்கவில்லை. அவன் செய்ததை நான் சரி என்று சொல்லவில்லையே.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: அறைத்தோழனோடு அந்த இரவைப் பற்றி மட்டும் பேச வேண்டாம், ஏனென்றால் நண்பர்களுக்குள் பேசியதைப் பிறகு கோர்ட்டில் கேட்பார்கள். மற்றபடி நண்பனாகவே இருக்கலாம். முடிந்தால் தற்காலிகமாக வேறு அறை கேட்கட்டும், குடியிருப்பு அலுவலகம் இப்படிப்பட்ட கோரிக்கைகளைக் கவனிக்கும். அப்புறம், பெரிய கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கென்றே மனநல ஆலோசகர் இருப்பார். போகச் சொல்லுங்கள். வாரம் முழுக்கத் தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்களிடம் தோற்றுக்கொண்டு, இரவில் அந்த அறைக்குத் திரும்புவது சாதாரண விஷயமில்லை.

பதில்: சாட்சி

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். தாடை உடைந்த பையனைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. அவனும் ஒரு மாணவன், அவனுக்கும் அம்மா இருக்கிறார். தாடையைக் கம்பியால் கட்டிவைத்திருந்தால் பல வாரம் திரவ உணவுதான். உங்கள் மகன் ஏதாவது பார்த்திருந்தால், யார் குடித்திருந்தார்கள், யார் கத்தினார்கள் என்பது மட்டுமாக இருந்தாலும், வக்கீலை வைத்துக்கொண்டு சொல்லத்தான் வேண்டும். அணி விசுவாசம் என்ற பேரில் அதை விழுங்கிவிடக் கூடாது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2013-இல் நான்கு அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் பாலியல் வன்முறை வழக்கில் சிக்கினார்கள். அணி அந்த ஆண்டு ஒன்பது ஆட்டம் ஜெயித்தது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கோ வழக்கு பல ஆண்டு இழுத்தது.

பதில்: ஜார்ஜ் அண்ணன்

சாட்சி சொல்வது நியாயம். அதோடு மறுபக்கத்தையும் வைக்கிறேன், தீர்ப்புக்கு முன்பே அணியைத் தண்டித்தால் என்ன ஆகும் என்பதற்காக.

வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் (வலைக்கோலால் பந்தாடும் ஆட்டம்) அணி. 2006 மார்ச்சில் ஒரு பார்ட்டி, பாலியல் வன்முறைப் புகார். 47 பேர் கொண்ட அணியில் 46 பேரிடம் டிஎன்ஏ மாதிரி எடுத்தார்கள். மூன்று பேர்மேல் வழக்கு. ஆனால் ஏப்ரலிலேயே கோச் விலகினார், அந்தப் பருவத்தின் மிச்ச ஆட்டங்களும் ரத்து. முந்தைய ஆண்டு இறுதிப்போட்டி வரை போன அணி அது. 2007 ஏப்ரலில் மாநில அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர் எல்லா வழக்கையும் கைவிட்டு, மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். டிஎன்ஏ முடிவை மறைத்த அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் வக்கீல் தொழில் செய்யும் உரிமையையே இழந்தார். இழந்த பருவத்துக்காக அந்த வீரர்களுக்கு என்சிஏஏ ஆட ஒரு கூடுதல் ஆண்டு கொடுத்தது. அணி 2007 இறுதிப்போட்டிக்குப் போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸிடம் ஒரே கோலில் தோற்றது, 2010-இல் கோப்பை வாங்கியது. ஆனால் 2006-இல் கடைசி ஆண்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆண்டால் பயனில்லை, பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள்.

இல்லினாய் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் கதை இன்னும் சமீபம். 2023 டிசம்பரில் அணியின் முக்கிய வீரர்மேல் வழக்கு வந்தது, சஸ்பெண்ட் செய்தார்கள். முறையான விசாரணை இல்லாமல் நிறுத்திவைத்ததாக அவர் கோர்ட்டுக்குப் போனார், 2024 ஜனவரியில் ஃபெடரல் நீதிபதி அவரை ஆடவிடச் சொல்லி உத்தரவிட்டார். அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை போனது. ஜூனில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. இதை வைத்து உங்கள் பையனின் அறைத்தோழனும் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. தெரியாத வரை தெரியாது என்றே இருக்கலாம், அவ்வளவுதான் என் கருத்து.

கல்லூரி மாறுவது பற்றி: பருவத்தின் நடுவில் போனால் இந்த ஆண்டு வேறெங்கும் ஆட முடியாது, கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கும் தகுதிக் காலமோ ஓடிக்கொண்டே இருக்கும். எந்தெந்தப் பாடத்தின் கிரெடிட் மாறும் என்பதும் பார்க்க வேண்டும், மூன்றாம் ஆண்டில் அது பெரிய நஷ்டம். பருவம் முடியட்டும். அதற்குள் கோச் மாறினாலும் மாறலாம்.

மறுபடியும்: பேஸ்லைன் அப்பா

எல்லோருக்கும் நன்றி. மாலதி மேடம் சொன்னபடி வக்கீல் பிடித்துவிட்டோம். அவர் டிடெக்டிவிடம் பேசி, அடுத்த வாரம் மகனோடு தானே உடன் போவதாகச் சொல்லியிருக்கிறார். மகனும் ஒப்புக்கொண்டான். சாட் குழுவை யாரும் அழிக்கவில்லை. போனை அப்படியே வக்கீலிடம் காட்டினான், பத்தரை மணிக்கு டாக்ஸி பிடித்த ரசீது அதில் இருக்கிறது.

சாட்சி எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. மகனிடம் கேட்டேன். காயம்பட்ட பையன் இவனுடைய புள்ளியியல் வகுப்பில்தான் இருக்கிறானாம், அவன் நாற்காலி காலியாகவே இருக்கிறது என்றான். நலம் விசாரித்து மெசேஜ் அனுப்பலாமா என்று கேட்கிறான். எனக்கும் அனுப்பச் சொல்லத்தான் மனம் வருகிறது. ஆனால் வழக்கு நடக்கும்போது அது சாட்சியிடம் பேசியதாக ஆகிவிடுமா?

பதில்: மாலதி

நேரடியாக அனுப்ப வேண்டாம் சார், நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் கைதானவர்கள் சார்பில் பேசியதாகப் பார்க்கப்படலாம். முதலில் வக்கீலிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், அந்த வகுப்பின் குறிப்புகளைப் பேராசிரியர் வழியாகவோ டீன் அலுவலகம் வழியாகவோ அனுப்பட்டும். படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர அந்தப் பையனுக்கு அது உதவும்.